மதகில் ஏறும் கெண்டை

ஒரத்தநாட்டுச் சாலையோரம் வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். புதுத்தண்ணீர் நாலடி கீழே பழுப்பு நுரையாக விழுந்து இரைகிறது. மலையே இல்லாத இந்த நெல்வயல் சீமைக்கு இதுதான் அருவி. யாரும் சிரிக்க வேண்டாம். விழும் தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் வெயிலில் மின்னித் துள்ளுகின்றன. அவற்றைப் பிடிக்க, கழுத்து நிறைய மல்லிகை மாலையோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறான் ஷஹ்பாஸ். கையில் மல்லாத்திப் பிடித்த குடை. அஸர் தொழுகை முடிந்ததும் அவனுக்குத்தான் நிக்காஹ். பூச்சுற்றிய காரின் கதவைப் பிடித்தபடி தங்கை ரிஃப்கா கத்துகிறாள்: "அண்ணே, பொண்ணு வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க. ஏறி வாங்க!" "இரும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு." குடைக்குள் ஒரு கெண்டை பொத்தென்று விழுகிறது, வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. அப்போது ரிஃப்காவின் போன் அடிக்கிறது. மணப்பெண் ஷிஃபா. "இதோ, வந்துக்கிட்டே இருக்கோம்" என்று பதறுகிறாள் ரிஃப்கா. தண்ணீர் இரைச்சல் ஷிஃபாவுக்குக் கேட்டுவிட்டது. "மதகுலயா நிக்கிறீங்க? கெண்டை ஏறுதா?" வேறு வழியில்லாமல், "ஏறுது. அண்ணன் குடையோட எறங்கிட்டாரு" என்கிறாள் ரிஃப்கா. "அப்ப ஒண்ணு ரெண்டோட வந்துடப் போறாரு. குடை நெறையட்டும்னு சொல்லு."