கழுத்தைத் திருப்பிய டேபிள் ஃபேன்

சித்திரை வெயிலில் சகாயமேரியின் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி அணைந்துபோனது. காயலான் கடையில் போட்டுவிடலாமா என்றுகூட அவள் நினைத்தாள். கடைசியில் பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் துடைத்து, பழைய டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஏசி போட வக்கில்லை, இந்தத் துருப்பிடிச்சவனா என் மூஞ்சியில ஊதுறது?" என்று கம்ப்யூட்டர் சீறியது. ஃபேனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிற்காமல் சுற்றியது. கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது.

ஒரு வாரத்தில் அது பிரிண்டரிடம் பீற்றிக்கொண்டது. "வெயிலாவது மண்ணாவது! என் உடம்புவாகு அப்படி. இவன் சத்தத்தைத்தான் தாங்க முடியலை."

"அப்படியா அண்ணே? அப்ப பிரிண்டருக்கே வீசுறேன்" என்று ஃபேன் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் கொதித்தது.

"தம்பி, தங்கமே, இந்தப் பக்கம் பாருடா!"