பாப்பாயி படித்த பக்கம்

"முன்னாடி இருக்கிற கூத்தெல்லாம் எனக்கெதுக்கு? அந்தக் கழுதையைப் பத்தி எங்க போட்டிருக்கான்னு பாத்துப் படி."

மருதாசலம் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கண்களிலும் கட்டு. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் இடத்தில் கல் சில்லு தெறித்துக் கண்ணில் பாய்ந்துவிட்டது. சொந்த ரிக் லாரி வைத்துப் பத்து ஊருக்குத் தண்ணீர் காட்டிய மனிதருக்கு இப்போது சோற்றுத் தட்டைக் காட்டவே ஆள் வேண்டும். சேலத்து டாக்டர் இந்த மாதம் முழுக்கக் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தலையணைக்கு அடியிலிருந்து அவர் எடுத்து நீட்டிய புத்தகம் மனைவி பாப்பாயியின் கையில் இருந்தது. 'வானவில் இன்னிசைக் குழு: மேடைக்குப் பின்னால்' என்று அட்டையில் கொட்டை எழுத்து. யாரோ ஒரு ரசிகன் குழுவினரைக் கேட்காமலே எழுதி அச்சடித்தது. "இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று குழுவின் முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். அதற்குப் பிறகுதான் இன்னும் நன்றாக விற்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாக் கடையில் ரிக் லாரி டிரைவர் காளியப்பன் நேற்று வாங்கி வந்ததாம்.

"கிடார் அடிக்கிறவன் குடிச்சுப்போட்டு மேடையிலயே உழுந்தானாமுங்க" என்று பாப்பாயி பக்கங்களைத் தள்ளினாள். "எக்கோ மைக்கு மார்வாடி கடையில அடகுல இருக்குதாமுங்க."

"இருந்துட்டுப் போவுது. சௌந்திரம் பேரு இருக்குதா, இல்லியா?"

சௌந்திரம் அவருடைய ஒரே தங்கை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வானவில் குழு கச்சேரி செய்ய வந்தது. அதில் டிரம்ஸ் அடித்த மாரி, இவர்கள் தோட்டத்தில் பண்ணையாளாக வேலைக்கு இருந்தவரின் மகன். கச்சேரி முடிந்து வேன் கிளம்பியபோது சௌந்திரமும் அதில் ஏறிப் போய்விட்டாள். பிறகு அதே குழுவில் பாடுகிறாள் என்று சேதி வந்தது. மருதாசலம் ஈரோடு, பெங்களூர் என்று தேடாத இடமில்லை. கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் உயிரோடு விடமாட்டேன் என்று அம்மன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள். பாப்பாயிக்கு அதுதான் பயம்.

அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சௌந்திரம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற குழந்தை. தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவள்தான்.

"இருக்குதுங்க." பாப்பாயி புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

எழுதிய பாவி ஒன்றைக்கூட விடவில்லை. சௌந்திரமும் மாரியும் பாட்டை விட்டுவிட்டு, பெங்களூரைத் தாண்டித் தும்கூரில் குடியிருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், மாவு மில்லை ஒட்டிய ஓட்டு வீடு. பெண் குழந்தை ஒன்று, அதற்கும் தாயின் குரல். ரசிகர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று வழி வேறு போட்டிருந்தான்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? படி."

பாப்பாயி புருஷனின் கண் கட்டைப் பார்த்தாள். இதை இவர் வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டார். தங்கச்சி ஓடின கதையை அடுத்தவன் வாயால் கேட்க இவருடைய மானம் இடம் கொடுக்காது. படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டால் தீர்ந்தது. அங்காளம்மா, மன்னிச்சுக்க என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"'குழுவின் குயிலாக விளங்கிய சௌந்திரம், சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் படுத்தார். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். மாரி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.'"

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னொருக்கா படி."

ஒரு சொல் மாறாமல் மறுபடி படித்தாள். இந்தத் தடவை அழுகை தானாகவே வந்துவிட்டது. பொய்யென்று தெரிந்தும் அந்தப் பிள்ளையின் சாவை வாயால் சொல்ல அவளுக்குத் தாங்கவில்லை.

"அழுவறியா?"

"நான் தூக்கி வளத்த புள்ளைங்க. செத்தே போச்சுங்க. இனிமேலாச்சும் அந்தக் கோவத்தை உட்ருங்க."

"காமாலைன்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"ம்" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பாப்பாயிக்கு நெஞ்சு லேசானது. இனி யாரும் தேட மாட்டார்கள். இன்றிலிருந்து அந்தப் பிள்ளை கதவைத் திறந்து போட்டுக்கூடத் தூங்கலாம். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காப்பி வெச்சுக் கொண்டாரட்டுங்களா?"

"உக்காரு." அவர் குரல் உயரவில்லை. "காளியப்பன் நேத்தே இதைப் படிச்சுச் சொல்லிப்போட்டான். நீ என் பக்கமா, அவ பக்கமான்னு பாக்கத்தான் உன்னையும் படிக்கச் சொன்னேன்."

பாப்பாயி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு விடியால தேங்கா ஒடச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, நீதான நம்ம ரிக்கு லாரிய அனுப்பி வெச்ச? அது போர் போடப் போவல. காளியப்பனையும் ஆளுங்களையும் ஏத்திக்கிட்டுத் தும்கூருக்குப் போயிருக்குது."

மருதாசலம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"உடு பாப்பாயி, நீ படிச்சதும் பொய்யில்ல. இந்நேரத்துக்கு நெசமாயிருக்கும்."