பழுது நீங்கவில்லை

“மறுபடியும் அணைஞ்சு போச்சு. இதுதான் நீங்க வேலை பார்த்த லட்சணமா?”

குரும்பகரத்தில் பூமிநாதன் வீட்டுப் படியேறுவதற்குள், எரிவாயு முகவாண்மை மெக்கானிக் நவநீதனுக்கு அவரிடமிருந்து கிடைத்த வரவேற்பு இது. ஒரே மாதத்தில் இந்த வீட்டிலிருந்து நான்காவது புகார். இன்னொரு முறை வாடிக்கையாளர் கையெழுத்திடும் பணிச் சீட்டில் ‘பழுது நீங்கவில்லை’ என்று பதிவானால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக மேலாளர் காலையில்தான் எச்சரித்திருந்தார்.

“ரெகுலேட்டர் புதுசுங்க ஐயா. டியூபும் புதுசு.”

“புதுசை வெச்சுப் பூசையா பண்றது? எரிய வேணாமா?”

பூமிநாதனின் மனைவி கனகாம்பாள் தயங்கியபடி சொன்னாள்: “சாம்பாரை வெச்சுட்டுக் கொல்லைக்குப் போறேன் தம்பி. வந்து பார்த்தா தீ இல்லை. எனக்குத்தான் ஏதோ ஆயிட்டுதோன்னு பயமா இருக்கு.”

“உனக்கு என்ன? எல்லாம் இவர் மாட்டின அழகு.”

நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டு சோதித்தான். அழுத்தமானியின் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சோப்பு நுரையில் ஒரு குமிழிகூட எழவில்லை. சுடர் நீலமாக எரிந்தது.

“இருங்க, டீ போடறேன்” என்று பாலை அடுப்பில் ஏற்றிய கனகாம்பாள், கொல்லைப்பக்கம் போனாள். பால் பொங்கியது. அவள் வரவில்லை. பூமிநாதன் ஓசைப்படாமல் குனிந்து ரெகுலேட்டரைத் திருகி மூடினார்.

நவநீதனுக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்களே மூடிட்டு என் மேல புகாரா? என் பொழப்பு போகப் போகுதுங்க ஐயா.”

“மெதுவாப் பேசுங்க தம்பி.” பூமிநாதனின் குரல் இறங்கியது. “அடுப்பை ஏத்திட்டு மறந்துடறா. போன மாசம் முந்தானையில தீப்பிடிச்சுது. மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டார். அவளுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா. அதான் பழியை ரெகுலேட்டர் மேல போட்டேன். உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு சத்தியமாத் தெரியாது. இனிமே புகார் பண்ண மாட்டேன்.”

கனகாம்பாள் திரும்பி வந்தாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

“ரெகுலேட்டர் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி? அப்போ... கோளாறு எனக்குத்தானா?”

நவநீதன் சீட்டை எடுத்தான். எழுதியதை அவளுக்குக் கேட்கும்படி வாசித்தான்.

“பழுது நீங்கவில்லை. தவறு மெக்கானிக்குடையது.”

பேனாவை அவளிடம் நீட்டினான். “கையெழுத்துப் போடுங்கம்மா.”