மருந்துத் தொட்டி

"உள்ளே வராதீங்கண்ணா! அங்கேயே நில்லுங்க, நான் வெளியே வர்றேன்."

வாழைத் தோட்டத்துக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள் தங்கை. அண்ணன் அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை.

"ஏன், என் கால் பட்டா உன் வாழை வாடிடுமா?" என்றவர், கேட்டை ஒட்டி உள்பக்கம் இருந்த நீலத் தொட்டியைப் பார்த்தார். மருந்து கலந்த தண்ணீர். பக்கத்தில் ஒரு பிரஷ். "ஓஹோ! கால் கழுவிட்டுத்தான் மகாராணி தோட்டத்துக்குள்ள நுழையணுமோ? அந்தத் தொட்டியையாவது கேட்டுக்கு வெளியே வைக்கத் தெரிஞ்சுதா? படிச்சவ வேற!"

"அதில்லண்ணா, நான் போன்லயே சொல்லலாம்னு..."

"என்ன சொல்லுவே? வாடல் நோய், பூஞ்சை, சேத்துல ஒட்டிக்கிட்டு வரும். அந்தப் பாட்டைத்தான் ஊரே பாடுதே!"

ஊர் சும்மா பாடவில்லை. அந்தப் பூஞ்சை ஒரு தோட்டத்து மண்ணில் இறங்கிவிட்டால் அப்புறம் அதை ஒழிக்க வழி கிடையாது. வாழையை மறந்துவிட வேண்டியதுதான். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு தோட்டமாகப் போய், மிச்சம் இருந்தவை அப்பா பிரித்துக் கொடுத்த இந்த இரண்டும்தான். சாலைக்கு இந்தப் பக்கம் தங்கையுடையது, அந்தப் பக்கம் அண்ணனுடையது. அவர் வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அதை நம்பித்தான். ஆனாலும் பயப்படுவதெல்லாம் அடுத்தவர்கள் வேலை என்பது அவர் எண்ணம்.

மழை பெய்து மண் சொதசொதவென்று கிடந்தது. அண்ணன் ஷூவோடு வரிசை வரிசையாக நடந்தார். இலைகள் தளதளவென்று இருந்தது அவருக்கு எரிச்சலாக வேறு இருந்தது. ஒரு மூலையில் நாலைந்து மரங்களைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

"இதெல்லாம் என்ன, செல்லப் பிள்ளைகளா? கண்ணு பட்டுடுமோ?" கயிற்றைத் தாண்டிப் போய் நடுவில் நின்றார்.

"ஐயோ அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"நீ சொல்லி நான் கேட்கிற நிலைமை இன்னும் வரல!"

அவர் திரும்பியபோது, தங்கை முன்னால் ஓடிப்போய் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் பிரஷ்.

"கெஞ்சிக் கேட்கிறேன். ஷூவைக் கழுவிட்டுப் போங்க."

"வரும்போதே கழுவாதவன் போகும்போது கழுவணுமா? உன் மூளையைத்தான் முதல்ல கழுவணும்!"

தொட்டியை ஒரே உதையில் கவிழ்த்துவிட்டு, அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சாலையைக் கடந்தார். தன் தோட்டத்துக்குள் நேராகப் போய், முதல் மரத்தடியில் நின்று, ஷூவில் அப்பியிருந்த சேற்றை அதன் அடித்தண்டிலேயே தேய்த்து வழித்தார்.

"பார்த்தியா? உன் மண்ணு, என் மரம். என்ன ஆயிடுச்சு இப்போ?"

பின்னாலேயே ஓடி வந்த தங்கை சாலையோடு நின்றுவிட்டாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"கயிறு கட்டின மரத்துல சாம்பிள் எடுத்துட்டுப் போயிருந்தாங்கண்ணா. காலையில முடிவு சொல்லிட்டாங்க. என் தோட்டம் போச்சு. உங்களோடதாவது பிழைக்கட்டும்னுதான் தொட்டியை உள்ளே வச்சேன்."

அண்ணன் ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.