ஏணியை எறிந்தவன்

“ஒருத்தரும் உள்ள இறங்கக் கூடாது!”

தொட்டிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்த அன்பரசன், சாய்த்திருந்த ஏணியை வெளியே உருவித் தூரமாக எறிந்தான்.

மேஸ்திரி ரத்தினசாமிக்குப் பகீரென்றது. தொட்டியின் அடியில் சுப்பராயன் மயங்கிக் கிடக்கிறான். அவனைத் தூக்க இருந்த ஒரே ஏணியை, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இந்த சேஃப்டிக்காரப் பையன் எறிந்துவிட்டானே, பாவி!

“டேய், உனக்கு இன்னா கிறுக்கா? உள்ள ஆளு சாவறான்டா!”

“தெரியுது மேஸ்திரி. தள்ளி நில்லுங்க.”

ஆம்பூரை ஒட்டிய தோல் தொழிற்சாலை அது. தோல் கழுவின தண்ணீரெல்லாம் வந்து சேருகிற தரையடித் தொட்டியில், மோட்டார் குழாயைத் தோல் சவ்வு அடைத்துக்கொண்டது. அன்பரசனைக் கேட்டுவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். கேட்டால் அதை மாட்டு, இதைக் கட்டு என்று அரை நாளை ஓட்டிவிடுவான். அதனால் எப்போதாவது கான்ட்ராக்டில் வந்துபோகிற சுப்பராயனை, ரத்தினசாமியே கமுக்கமாக இறக்கிவிட்டார்.

“அஞ்சு நிமிஷ வேலை, சுப்பராயா. சத்தம் போடாம முடிச்சுட்டு வா.”

ஏணியில் கால் வைத்துக்கொண்டே சுப்பராயன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “மேஸ்திரி, ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லணும். நம்ம பையன் இருக்கான் இல்ல...”

“மேல வந்து சொல்லுய்யா.”

மேலே வரவேயில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக ரத்தினசாமி இப்போது தவித்தார். நான்தான் இறக்கிவிட்டேன் என்று சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும். சொல்லாமல் விட்டால் நெஞ்சு சும்மா இருக்குமா? இறங்கித் தூக்கலாமென்றால் ஏணி இல்லை, ஓடிப்போகலாமென்றால் கால் வரவில்லை.

தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிற தபரேஸ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். “நான் குதிக்கிறேன். மனுசனை இப்படியே வுட முடியாது.”

அன்பரசன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். “உள்ள கேஸ் இருக்கு. நாத்தம் தெரியலன்னு நம்பாத, ரெண்டு மூச்சு இழுத்தா நீயும் அங்கதான் கெடப்ப. ஒருத்தரை எடுக்கப் போய் மூணு பேர் போன கதை நம்ம பக்கம் கம்மியா?”

“அப்ப நீ இறங்கேன்!”

அன்பரசன் ஸ்டோருக்கு ஒரு ஆளை விரட்டினான். காற்றூதும் ப்ளோயரை ஓடவிட்டு, அதன் தடித்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கினான். ஸ்டோரிலிருந்து வந்த காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டினான். முகமூடியின் வாரை இழுத்தான், கையால் பொத்தி மூச்சிழுத்துப் பார்த்தான், திரும்பவும் வாரை இழுத்தான். அப்புறம் இடுப்பு பெல்ட், அப்புறம் கயிறு.

உள்ளே ஒருத்தன் உயிர் ஊசலாடுகிறது, இங்கே மாப்பிள்ளை அலங்காரம் நடக்கிறது! ரத்தினசாமி கத்தினார்.

“சர்டிபிகேட் வாங்கின திமிருடா உனக்கு! அவனுக்கும் ஒரு பையன் இருக்கான். நாளைக்கு அவன் வந்து கேட்டா இன்னா பதில் சொல்லுவ?”

அன்பரசனின் கை கொக்கியில் ஒரு கணம் நின்றது. பிறகு அதை மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

“இப்ப ஏணியைக் கொண்டாங்க. ரெண்டு கயித்தையும் கெட்டியா புடிங்க. நான் சுண்டினதும் இழுங்க. ஒருத்தரும் குனிஞ்சு பாக்காதீங்க.”

இரண்டாவது கயிறு கட்டிய இன்னொரு பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ரத்தினசாமி வேண்டாத தெய்வமில்லை. உள்ளங்கையெல்லாம் வேர்த்து வழுக்கியது. கயிறு அசையவே இல்லை. அவனும் போய்விட்டானா?

கயிறு சுண்டியது.

எல்லோரும் தம் பிடித்து இழுத்தார்கள். முதலில் பெல்ட்டில் தொங்கியபடி சுப்பராயன் வந்தான், அவன் பின்னாலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு அன்பரசன் வந்தான். தரையில் கிடத்தி, முகத்தைத் துடைத்து, மார்பை அழுத்தி வாயில் ஊதினான். சுப்பராயன் இருமினான். இருமிவிட்டான் அய்யா! ரத்தினசாமி குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

ஆம்புலன்ஸ் வேலூரை நோக்கிப் பறந்தது. சுப்பராயனின் கால்மாட்டில் ரத்தினசாமியும் தலைமாட்டில் அன்பரசனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான்தான்பா உன்னைக் கேக்காம இவனை இறக்கிவுட்டேன். யார் வந்து கேட்டாலும் சொல்லிடறேன். உன்னையும் கண்டபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்ட?”

“ட்ரெய்னிங்ல, கடைசி மாசம் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே ஷூ கம்பெனில வேலை கெடைக்குதுன்னு பாதில வுட்டுட்டு ஓடி வந்துட்டேன். படிப்பை முடிக்காம வாசப்படி ஏறாதடான்னு திரும்பத் தொரத்திட்டாரு.”

“யாருப்பா அந்த மகராசன்? கையெடுத்துக் கும்பிடணும்.”

அன்பரசன் குனிந்தான். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனின் சேறு படிந்த நெற்றியைச் சட்டை நுனியால் துடைத்தான்.

“இவருதான் மேஸ்திரி. எங்கப்பா.”