வெளிச்சம் வேணும், வெயில் வேண்டாம்

“பின்கண்ணாடியிலயாவது கறுப்பா ஒட்டுலே இசக்கி. உள்ள ஆள் இருக்கதே வெளிய தெரியக் கூடாது.”

எஸ்றா சார் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். நான் அவரிடம் படித்தவன் இல்லை. ஆனாலும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு ஊரில் எல்லாருமே ‘லே’தான்.

என் கடை முன்னால் நிற்பது ஒரு பழைய ஸ்கூல் வேன். சார் அதை வாங்கி, மஞ்சளை மறைத்து வெள்ளை அடித்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தார். ஊர் ஊராய்ப் போய் அதிலேயே தங்குவதாகத் திட்டம்.

ஒரே குறை. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் காலை பத்து மணிக்கே உள்ளே இட்லி வெந்துவிடும்.

கண்ணாடியில் சூடு தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது என் தொழில். எட்டு ஜன்னலும் நேற்றே முடிந்துவிட்டன. எல்லாமே சாரோடு கூட வந்த சாலோமி டீச்சர் தேர்ந்தெடுத்த ஃபிலிம். ஒட்டியதே தெரியாது, அத்தனை தெளிவு.

கறுப்பு ஒட்டச் சட்டம் விடாது என்று நான் சொன்னதை சார் காதில் வாங்கவில்லை. இவ்வளவு தெளிவாய் இருக்கிற தாள் எப்படிச் சூட்டைத் தடுக்கும் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

டீச்சர் வேனுக்குள்ளிருந்து இறங்கி வந்தார். சயின்ஸ் டீச்சர். ஃபிலிமைச் சோதித்துக் காட்டக் கடையில் நான் வைத்திருக்கும் சூடு பல்பைப் போட்டார். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டை அதன் முன் பிடித்தார். சாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்.

“சுடுதா சார்?”

“இல்ல.”

“வெளிச்சம் வருதா?”

“வருது.”

“அப்ப வாய மூடும்.”

பல்பை அணைத்த பிறகும் டீச்சர் அந்தக் கையை விடவில்லை. நான் ஃபிலிம் ரோலை விரிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ரெண்டு பேரும் வாத்தியார்கள் என்றால் வீட்டிலும் ‘சார்’, ‘டீச்சர்’தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம்தான். இப்படிச் சண்டை போடும் பக்குவம் இன்னும் எங்களுக்கு வரவில்லை.

பின்கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஃபிலிமை வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினேன். சார் உதவிக்கு வந்து ஒரு மூலையை அழுத்த, அங்கே ஒரு குமிழ் எழும்பியது. டீச்சர் அவர் தோளைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து, சர்க்கரை மாத்திரையையும் பிளாஸ்க்கையும் கையில் கொடுத்தார். சார் செல்போனை எடுத்து யாருக்கோ அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். அதற்கும் எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு மாத்திரையை விழுங்கினார்.

பத்தேகாலுக்கு வேலை முடிந்தது.

மூன்று நாளைக்கு ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபிலிம் நழுவிவிடும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

“நாப்பது வருஷமா இப்பிடித்தான் சண்ட போடுதீங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

“இல்லப்பா. இனிமேத்தான் ஆரம்பிக்கணும். பதினொன்றரைக்குக் கல்யாணம்.”

என் கையிலிருந்த ரப்பர் பட்டை கீழே விழுந்தது.

சாருக்கு மனைவி இறந்து ஒன்பது வருஷம். டீச்சர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. எல்லாவற்றையும் டீச்சர்தான் சொன்னார். சார் வேன் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார், பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி.

“ஊர் என்ன சொல்லுமோன்னு இவருக்குப் பயம். கறுப்புக் கண்ணாடி கேட்டது அதுக்குத்தான். நான் அறுபது வயசுல கல்யாணம் பண்ணுதேன், என்னைய யாரும் பாக்காண்டாமா?”

சார் தலையை நிமிர்த்தினார். ஆனால் பேசியது வேறு விஷயம்.

“பதிவேட்டுல ரெண்டு சாட்சி வேணும் இசக்கி. டீச்சர் தங்கச்சி ஒரு ஆளு. இன்னொண்ணு என் மகன். வாரேன்னுதான் சொன்னான்.” பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். “போன எடுக்க மாட்டேங்கான்.”

நான் கடை ஷட்டரை இறக்கினேன். சட்டை மாற்றவில்லை. வேனில் ஏறிக் கட்டில் ஓரமாய் உட்கார்ந்துகொண்டேன்.

சேரன்மகாதேவி ரோட்டில் சின்ன சர்ச். மொத்தமே பதினாலு பேர். டீச்சர் பிறந்த வருஷம் முதற்கொண்டு பதிவேட்டில் எழுதினார்கள். போதகர் ஐயர் பேனாவை நீட்டியபோது என் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு அழகாய் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வெளியே வந்ததும் சார் என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டை ஈரம் அவர் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது. டீச்சர் ஒரு கேக் பொட்டலத்தைக் கையில் திணித்தார். முதலில் பாபநாசம், அதற்கு மேல் இன்னும் யோசிக்கவில்லை என்றார். கை காட்டிக்கொண்டே போனார்கள்.

திரும்பி வர எனக்கு ஜங்ஷன் பஸ்தான். மடியில் கேக், சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாய் ஈரம், முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

பக்கத்து சீட்டுப் பெரியவர் கேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் கல்யாணம் என்று கேட்டார்.

“எங்க வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி” என்றேன். பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினேன்.