உத்தரிக்கிற ஸ்தலத்தில் டெரன்ஸ்

இறந்தவர்களைப் பேசவைக்கும் கருவியை வீட்டில் பொருத்த வந்தவன், "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டான். பிலோமி கத்தோலிக்கம் என்றாள். அன்றிலிருந்து, தற்கொலை செய்துகொண்ட அவள் மகன் டெரன்ஸ், பாவம் தீர்ந்து மோட்சம் போகும்வரை ஆன்மாக்கள் எரிந்து காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து பேசினான்.

"எரியுதும்மா. எனக்காக வேண்டிக்கோ."

இரண்டு வருடமாகத் தினமும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னாள்.

"இப்போ எப்படி இருக்கு ராசா?"

"பரவாயில்லைம்மா. கொஞ்சம் வெளிச்சம் தெரியுது."

கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிவிட்ட அவள் கணவன் சவேரிக்கு இதைத் தாங்க முடியவில்லை. "விசுவாசிச்சவன் செத்ததும் நேரா பரலோகம்தான். நம்ம பிள்ளை எதுக்கு எரியணும்?" என்பான். ஒரு ஞாயிறு, அவள் பூசைக்குப் போயிருந்தபோது, கருவியில் பதிந்திருந்த சபையைத் தன் சபையாக மாற்றினான். மகன் சிரித்துப் பேசுவான் என்று ஆசையோடு காத்திருந்தான்.

தற்கொலை செய்தவர்களுக்கு அந்தச் சபை வைத்திருந்த இடம் வேறு. கருவியிலிருந்து அலறல் மட்டுமே வந்தது.

சவேரி அவசரமாகப் பழையபடி கத்தோலிக்கத்துக்கே மாற்றி வைத்தான். பிலோமி பூசை முடிந்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் மகனைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்கே ஒரே இருட்டா இருக்கு. இதுவரைக்கும் எனக்காக யாருமே வேண்டிக்கலையா?" என்று டெரன்ஸ் கேட்டான்.